போன் திரையைப் பார்த்து நிறம் முடிவு செய்யாதீர்கள்

"இந்தப் பச்சைதான் வேண்டும்" என்று ஒரு படத்தை அனுப்பிக் கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, இதை எதோடு போடப் போகிறீர்கள், பகலிலா இரவிலா என்பதுதான். சிலருக்கு எரிச்சல்கூட வரும், நிறம் கேட்டால் சொல்லாமல் இதென்ன விசாரணை என்று. ஆனால் நமக்கென்றே சொல்லிச் செய்து வாங்கும் சட்டையோ கைப்பையோ எதுவானாலும், நிறம் தனியாக நிற்பதில்லை. எந்த வெளிச்சம் விழுகிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது, எந்தத் துணியில் ஏறியிருக்கிறது, இதெல்லாம் சேர்ந்துதான் கண்ணுக்கு அது என்ன நிறம் என்று முடிவாகிறது.

மஞ்சள் பல்பின் கீழே அச்சு அசலாகப் பொருந்திய துணியும் நூலும் வெயிலுக்கு வந்தவுடன் ஒன்று நீலம் கலந்த மாதிரியும் இன்னொன்று பச்சை கலந்த மாதிரியும் தெரியும். இரண்டிலும் ஏறியிருக்கும் சாயம் வேறு, அதனால் ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போவது இன்னொன்றில் பிரிந்துவிடும். போன் திரையோ ஆளுக்கு ஒரு நிறம் காட்டும். துண்டுத் துணி ஒன்றைக் கேட்டு வாங்கி, ஜன்னல் ஓரத்தில் ஒரு தடவை, இரவு விளக்கில் ஒரு தடவை பாருங்கள், போதும்.

பக்கத்து நிறம் செய்கிற வேலை இதைவிடப் பெரியது. ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் 1824ல் பாரிஸில் கோபெலின் நெசவாலையின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். அங்கே கறுப்புச் சாயம் சரியில்லை என்று புகார் இருந்தது. அவர் சோதித்துப் பார்த்ததில் சாயத்தில் ஒரு குறையும் இல்லை, அந்தக் கறுப்பை நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைத்து நெய்ததால்தான் அது சோர்ந்து தெரிந்திருக்கிறது. இன்றைக்கும் இதே கதைதான். சந்தன நிற லேஸைப் பளீர் வெள்ளைத் துணியில் வைத்தால் பழசாகிப் போன மாதிரி இருக்கும், அதையே அடர் பழுப்பில் வைத்தால் வெள்ளையாகவே தெரியும். லேஸ் அழகாக இருக்கிறதா என்று தனியாகப் பார்த்து ஒன்றும் ஆகப் போவதில்லை, துணி மேல் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

எம்பிராய்டரி கேட்பவர்களுக்கு எனக்கு மிகவும் பிடித்த ஒரு வழி உண்டு. துணியையும் நூல்களையும் சேர்த்து வைத்து போனில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுங்கள் (இதற்கு மட்டும் போன் உதவும்). சிவப்பும் பச்சையும் நேரில் சண்டை போடுகிற மாதிரி இருந்தாலும், படத்தில் இரண்டும் ஒரே சாம்பலாக வந்தால், பத்தடி தள்ளி நின்று பார்க்கிறவருக்கு அந்தப் பூ துணியோடு கலந்து போய்விடும். இரண்டில் ஒன்றை வெளுப்பாகவோ அடர்த்தியாகவோ மாற்றினால் பூ எடுப்பாக நிற்கும்.

தையல் நூலுக்கு வேறு கணக்கு. கண்டில் சுற்றியிருக்கும்போது தெரிவதைவிட, ஒற்றை இழையாகத் துணியில் ஓடும்போது அது வெளிறித் தெரியும். அதனால் ஒரு இழையை இழுத்துத் துணி மேல் போட்டுப் பாருங்கள், சரியாகப் பொருந்துவது கிடைக்காவிட்டால் ஒரு ஷேடு அடர்த்தியானதை எடுங்கள். வெல்வெட் என்றால் எல்லாத் துண்டையும் ஒரே திசையில் வெட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் ஒரே துணியில் தைத்த கையும் உடம்பும் வேறு வேறு நிறமாகத் தெரியும். இதனால் துணி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், தைப்பவர் அதிகம் கேட்டால் தயங்காதீர்கள்.

குரோஷே, ஸ்வெட்டர் மாதிரி வேலைகளுக்கு நூல்கண்டின் லேபிளில் ஷேடு எண்ணோடு லாட் எண்ணும், அதாவது எந்தத் தடவை சாயம் போட்டது என்பதற்கான எண்ணும், இருக்கும். ஒரே ஷேடாக இருந்தாலும் வேறு லாட் என்றால் சாயம் லேசாக மாறியிருக்கலாம், முடித்துப் பார்த்தால் நடுவில் கோடு போட்ட மாதிரி தெரியும். தேவையானதை ஒரே லாட்டில் வாங்கிவிடுவது நல்லது. வழியில்லை என்றால் பழைய லாட்டில் இரண்டு வரிசை, புது லாட்டில் இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் போட்டால் வித்தியாசம் கரைந்துவிடும்.

அப்புறம் பட்டன். எல்லோரும் கடைசிக்குத் தள்ளுகிற விஷயம், நான் துணியோடு சேர்த்தே முடிவு செய்யச் சொல்வேன். பட்டனின் அகலத்தையும் கனத்தையும் வைத்துத்தான் காஜா (பட்டன் நுழையும் துளை) வெட்டுவார்கள், வெட்டிய பிறகு மெல்லிய பட்டனுக்குப் பதில் தடிமனான மரப் பட்டன் வேண்டும் என்று சொன்னால் காஜாதான் கிழியும். கைப்பையில் ஜிப், வளையம், ஹூக் மூன்றும் ஒரே உலோக நிறத்தில் இருக்கட்டும். ஜிப் பளபளக்கும் தங்க நிறம், வளையம் மங்கிய பித்தளை என்று போனால் எவ்வளவு நல்ல தையலும் அவசரத்தில் செய்த மாதிரி இருக்கும். லைனிங்குக்கு வெளுப்பான நிறமே என் சிபாரிசு, கறுப்பு லைனிங் போட்ட பைக்குள் சாவி தேடுவது பெரும்பாடு.

சிவப்பு, கருநீலம் மாதிரி அழுத்தமான நிறத்தை வெள்ளையோடு சேர்த்துக் கேட்பவர்கள், வெட்டுவதற்கு முன்னால் ஈரமான வெள்ளைத் துணியை அதன் மேல் வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கறை ஏறினால் துணியைத் திரும்பத் திரும்ப அலசச் சொல்லுங்கள், அப்படியும் சாயம் விட்டுக்கொண்டே இருந்தால் வெள்ளையை விட்டுவிட்டு சாம்பலோ வெளிர் நீலமோ கேளுங்கள்.