பக்கத்தில் இருந்தவர்

போன கிழமை தரம் 10 ஆங்கில வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து "ரீச்சர், அசெஸ் எண்டா தமிழில என்ன?" என்று கேட்டாள். யோசிக்காமல் பலகையில் "மதிப்பிடு" என்று எழுதினேன். எழுதின கையோடு மேசையில் கிடந்த கோவையைப் பார்த்தேன், அதன் மட்டையில் "பாடசாலை மட்டக் கணிப்பீடு" என்று இருந்தது. ஆங்கிலத்தில் அதுவும் அசெஸ்தான். பட்டணத்தில் வீடு வைத்திருக்கும் சித்தப்பாவுக்கு வருடா வருடம் சோலை வரிக் கடிதம் வருகிறது, அதை ஆங்கிலத்தில் சொன்னால் அதற்குள்ளும் இதே சொல் வந்துவிடும். எங்கள் வீட்டு ரங்குப்பெட்டிக்குள் இருக்கும் "சேத மதிப்பீடு" படிவமும் அப்படித்தான். இவ்வளவையும் பிள்ளைகளுக்குச் சொன்னதும் அவள் விடவில்லை. "அப்ப எல்லாம் ஒண்டோ ரீச்சர்?" நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அந்த நாளை வர நான்கு நாள் ஆனது. நான்கு நாளும் இந்த ஒரு சொல்லோடுதான் இருந்தேன். கண்டதை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் வேர். இலத்தீனில் "அசிடேரே" என்றொரு வினை, பக்கத்தில் அமர்வது என்று பொருள். எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் பக்கத்தில் இருப்பது. வன்னியில் வீட்டுக்கு வந்தவரை "இருங்கோ" என்றுதானே சொல்கிறோம், "உட்காருங்கள்" என்று யாரும் சொல்வதில்லை. அந்த "இரு" தான் இது.

சில வருடங்களுக்கு முன் ஆசிரியர்களுக்கான ஒரு பயிற்சிப் பட்டறையில் இதையே சொல்லித் தந்தார்கள். அசெஸ் என்றால் பிள்ளையின் பக்கத்தில் இருப்பது, ஆகவே புள்ளி போடுவது மட்டும் கணிப்பீடு இல்லை, பக்கத்தில் இருந்து பார்ப்பதுதான் கணிப்பீடு என்றார்கள். எனக்கு அது அப்படிப் பிடித்துப்போய்க் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். இந்த முறை ஒழுங்காகத் தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பாதிதான் உண்மை. பக்கத்தில் இருந்தது சரி, ஆனால் யாருடைய பக்கத்தில்?

ரோமர்களின் காலத்தில் வழக்கு விசாரிக்கும் அதிகாரி சட்டம் படித்தவராக இருக்கவேண்டும் என்றில்லை. அதனால் சட்டம் தெரிந்த ஒருவர் அவருக்கு அருகில் அமர்ந்து யோசனை சொல்வார். அவர் பெயர் "அசெசொர்", அருகில் அமர்பவர். 533இல் ஜஸ்டினியன் பேரரசர் வெளியிட்ட சட்டத் தொகுப்பில் இவர்களுடைய கடமை பற்றி ஒரு தலைப்பே தனியாக இருக்கிறது. அவர் இருந்தது நீதிபதியின் பக்கத்தில். வழக்காளியின் பக்கத்திலோ, வரி கட்டப்போகிறவனின் பக்கத்திலோ, பிள்ளையின் பக்கத்திலோ இல்லை. காலப்போக்கில் தண்டப்பணம் எவ்வளவு, வரி எவ்வளவு என்று தீர்மானிப்பதும் அந்த இருக்கையின் வேலை ஆனது. இடைக்கால இலத்தீனில் அதிலிருந்து "வரி விதி" என்ற பொருளில் ஒரு வினை பிறந்து, பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. வந்தபோது அதற்கிருந்த பொருள் ஒன்றே ஒன்று: இவன் இவ்வளவு கட்டவேண்டும் என்று குறிப்பது. ஒரு ஆளை, ஒரு கருத்தை, ஒரு பிள்ளையின் திறமையை எடைபோடுவது என்ற பொருளெல்லாம் 20ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. பள்ளிக்கூடத்துக்கு இந்தச் சொல் வந்து நூறு வருடம் இருந்தால் பெரிது.

பழைய பொருளோடு அது எங்கள் தீவுக்கும் வந்திருக்கிறது. 1833ஆம் ஆண்டின் நீதிச் சாசனம் இலங்கையின் மாவட்ட நீதிமன்றங்களில் ஒரு நீதிபதியோடு மூன்று அசெசர்கள் அமரவேண்டும் என்று வகுத்தது. அப்போதும் நீதிபதியின் பக்கம்தான்.

இதைப் படித்ததும் எனக்கு 2010ஆம் ஆண்டுதான் நினைவுக்கு வந்தது. செட்டிகுளம் முகாமில் இருந்து நாங்கள் வட்டக்கச்சிக்குத் திரும்பி வந்த வருடம். இரணைமடுத் தண்ணியை நம்பி வந்து அம்மம்மாவும் அம்மப்பாவும் காடு வெட்டிக் குடியேறின காணி. வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் பாதிச் சுவரும் மட்டும் நின்றன, கிணற்றுக்கட்டு இடிந்து கிடந்தது, முற்றத்தில் தகரத்தையும் தறப்பாளையும் வைத்து ஒரு கொட்டில் போட்டிருந்தோம். ஒருநாள் மத்தியானம் சேதம் பதிய ஒரு தம்பி மோட்டார் சைக்கிளில் வந்தார். எங்களிடம் இருந்தது நிவாரணத்தில் கிடைத்த ஒரேயொரு பிளாஸ்ரிக் கதிரை. அம்மம்மா அதைச் சேலைத் தலைப்பால் துடைத்து வேப்பமர நிழலில் வைத்தா. "தம்பி, இருந்து எழுதுங்கோவன்."

"பரவாயில்லை அம்மா, இன்னும் இருபது வீடு கிடக்கு" என்று சொல்லி அவர் படிவத்தைச் சைக்கிள் ராங்கியில் வைத்து நின்றபடியே எழுதத் தொடங்கினார். வீடு, முழுச் சேதம். கிணறு, பகுதிச் சேதம். தென்னை எத்தனை? அம்மம்மா ஒவ்வொன்றாக நினைத்து நினைத்துச் சொன்னா, எது காய்க்கத் தொடங்கியிருந்தது, எது மாமா பிறந்த வருடம் வைத்தது, எதன் வட்டு ஷெல் பட்டுப் பறந்தது என்று. அவர் எழுதினது எண்ணிக்கையை மட்டும். மாடுகளின் பெயரை அம்மம்மா சொல்ல ஆரம்பித்தபோது "கறவை எத்தனை அம்மா?" என்று கேட்டார். பத்து நிமிடம் ஆகியிருக்காது. அவர் போன பிறகும் அம்மம்மா கதிரையைக் கொட்டிலுக்குள் எடுத்துவைக்கவில்லை, வெயில் சுற்றி அதன்மேல் விழும்வரை அது அங்கேயே கிடந்தது.

அந்தத் தம்பியில் எனக்குக் கோபம் இல்லை. போகும்போது சொன்னார், தன்னுடைய வீடு முல்லைத்தீவுப் பக்கம், அதையும் இன்னும் போய்ப் பார்க்கவில்லை என்று. எங்கள் முற்றத்தில் நின்றாலும் அவர் இருந்த இடம் வேறு. எங்கோ ஓர் அலுவலகத்தில், நாங்கள் பார்த்திராத ஒரு மேசைக்குப் பக்கத்தில். சொல்லின் கதை தெரிந்த பிறகு எனக்கு அது அப்படித்தான் விளங்குகிறது. அந்த வேலை அப்படித்தான் அமைக்கப்பட்டிருந்தது. ஒரு நாளைக்கு முப்பது வீடு என்று கணக்குக் கொடுத்து அனுப்பினால் யாரும் கதிரையில் இருக்கமாட்டார்கள்.

சரி, சொல்லுக்கு வருவோம். இந்த "இருத்தல்" வேரில் இருந்து ஆங்கிலத்துக்குக் கிடைத்த மற்றச் சொற்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு நித்திரை வரவில்லை. காணியை உடைமையாக வைத்திருப்பதற்குச் சொல்லும் "பொசெஸ்", உரிமையாளனாக அமர்வது. கோட்டையைச் சுற்றி வளைத்து அசையாமல் இருப்பது "சீஜ்", முற்றுகை, இருக்கை என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லில் இருந்து வந்தது. ஓரிடத்தில் போய்க் குடியமர்வது "செற்றில்", இது இலத்தீன் வழியாக வரவில்லை, ஆங்கிலத்தின் சொந்தச் சொல், ஆனால் அதுவும் இருக்கைதான், ஆதிவேர் ஒன்றே. அதற்கு முன்னால் ஒரு "ரீ" போட்டால் நாங்கள் எல்லோரும் 2010இல் மனப்பாடமாக்கின சொல், ரீசெற்றில்மென்ற், மீள்குடியேற்றம். வன்னியில் இரண்டு மூன்று வருடத்துக்குள் எங்களுக்கு நடந்தது எல்லாவற்றுக்கும் பெயர் வைக்க அந்த ஒரு வேர் போதுமாக இருந்திருக்கிறது. வடமொழியின் "உபநிடதம்" என்ற சொல்லுக்குள் இருக்கும் "சத்" என்ற வேரும் இதன் உடன்பிறப்புத்தான், குருவின் அருகே கீழே அமர்வது. அங்கேயாவது படிக்கிறவனுக்கும் சொல்லித்தருகிறவருக்கும் நடுவில் அந்த அருகாமை இருக்கிறது.

இன்னொன்றையும் விட மனமில்லை. "சைஸ்" என்கிறோமே, சட்டைக்கும் செருப்புக்கும், அதுவும் இதே குடும்பம். மன்று அமர்ந்து விதித்த கட்டளைக்குப் பழைய பெயர் "அசைஸ்". 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பாணுக்கும் பியருக்கும் அப்படி ஒரு சட்டம் போட்டார்கள். பாணின் விலை மாறக்கூடாது, கோதுமை விலை ஏறினால் பாணின் எடை குறையும், இறங்கினால் கூடும். இப்படி விதிக்கப்பட்ட அளவு என்ற பொருளில் வழங்கி, தலை தேய்ந்து, வெறும் அளவு என்று ஆனதுதான் சைஸ். இங்கே இன்றும் கடையில் "ஒரு இறாத்தல் பாண்" என்று கேட்டு வாங்குகிறோம், 450 கிராம் இருக்கவேண்டும் என்பது விதி. இறாத்தல் என்ற நிறை போய்விட்டது, பாணில் மட்டும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இனி தமிழ்ப் பக்கம். கணிப்பீடு, மதிப்பீடு இரண்டையும் எங்கள் ஆசிரியர் வழிகாட்டி நூல்கள் பிரித்தே எழுதுகின்றன. படிக்கும்போதே இடையிடையே பார்த்துக்கொள்வது கணிப்பீடு, முடிவில் தரம் சொல்வது மதிப்பீடு. பிரிவு நல்லதுதான், ஆனால் எனக்கு "மதிப்பு" என்ற சொல்லில்தான் அதிகம் பற்று. காணிக்கும் மதிப்பு, ஆளுக்கும் மதிப்பு. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது, ஒரே இலத்தீன் வினையில் இருந்து வந்த "எஸ்ரிமேற்", "எஸ்ரீம்" இரண்டும் முதலில் விலை குறிப்பதற்கே வழங்கின, பிறகு பிரிந்துபோய் ஒன்று கணக்குக்கும் மற்றது மரியாதைக்கும் என்று ஆகிவிட்டது. தமிழில் பிரியவில்லை. "மதி" என்றால் எண்ணிப் பார், அளந்து பார், மரியாதை செய், மூன்றும்தான். சேத மதிப்பீடு என்று தலைப்புப் போட்ட படிவத்துக்கு அந்த மூன்றாவது பொருளும் பொறுப்புத்தான் என்று நான் நினைக்கிறேன்.

குத்துமதிப்பு என்று ஒன்று இருக்கிறதே, அதை நான் மட்டமாக நினைத்திருந்தேன், பக்கத்து வயல் அப்புவைப் பார்க்கும்வரை. காலபோக நெல் பழுக்கத் தொடங்கினால் ஊரில் பலரும் அவரைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். றோட்டில் நின்று சொல்லமாட்டார். வரம்பால் நடந்து வயலின் நடுவுக்குப் போய், வரம்பிலேயே குந்தியிருந்து ஒரு நெற்கதிரை உருவி உள்ளங்கையில் போட்டு, சப்பி எவ்வளவு, மணி எவ்வளவு என்று பிரித்து, இரண்டு மணியைக் கடித்துப் பார்த்து, பிறகு எழும்பி இன்னொரு மூலைக்குப் போய் அங்கேயும் இருப்பார். தண்ணி எப்போது வந்தது, எந்தப் பக்கம் பன்றி உழக்கினது என்று வயல்காரனிடம் கேட்டுக்கொண்டே இருப்பார். கடைசியில் "ஏக்கருக்கு இருபத்தஞ்சு மூடை வரும், மேற்கு மூலை காலை வாரும்" என்பார். அறுவடை மிசின் வந்து போன பிறகு பார்த்தால் ஒன்றிரண்டு மூடைதான் முன்பின்னாக இருக்கும். குத்துமதிப்பு என்று பெயர், ஆனால் அதற்கு அவர் எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு காலை. வரம்பில் அவர் இருப்பது வயல்காரனின் பக்கத்தில். இலத்தீன்காரர் நீதிபதிக்கு அருகில் போட்ட இருக்கையை நாங்கள் இடம் மாற்றிப் போட்டுக்கொண்டால் என்ன என்று எனக்குத் தோன்றினது அவரை நினைத்தபோதுதான். பட்டறையில் சொன்னது சொல்வரலாறாகப் பிழை. ஆசையாக அது பிழை இல்லை, கொப்பியில் எழுதினதை நான் வெட்டவில்லை.

ஐந்தாம் நாள் வகுப்பில் இதில் பாதியைச் சொன்னேன். பாணின் கதை பெடியளுக்கு நல்லாய்ப் பிடித்தது. கேள்வி கேட்ட பிள்ளை வரிக்கும் வயலுக்கும் மதிப்பீடு, வகுப்புக்குக் கணிப்பீடு என்று பிரித்து எழுதிக்கொண்டாள். பிறகு ஆளுக்கொரு ஆங்கில வசனம் அந்தச் சொல்லை வைத்து எழுதச் சொன்னேன். அவள் எழுதினதைத் தமிழில் சொன்னால்: தங்கச்சிக்குக் காய்ச்சல் வந்தபோது அம்மா இரவு முழுக்கப் பக்கத்தில் இருந்து அசெஸ் பண்ணினா.

கொப்பியைக் கொண்டுவந்து நீட்டி "பிழையோ ரீச்சர்?" என்றாள். அந்தச் சொல்லில் நான்கு எஸ் வரவேண்டும், அவள் மூன்றுதான் போட்டிருந்தாள். குறைந்ததைச் சேர்த்துவிட்டுச் சரி போட்டேன்.