தோளும் காலும்: லூ குரோசா குறிப்புகள்

டிசம்பர் 5
அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்எஃப்எல் ஆட்டங்களில் கிக்கர், அதாவது பந்தை உதைக்க மட்டும் வருகிறவர், ஒரு தனி ஆள். ஓரமாக நின்று வலைக்குள் உதைத்துப் பழகிக்கொண்டிருப்பார். கூப்பிட்டால் வந்து ஓர் உதை, அவ்வளவுதான். சட்டையில் அழுக்குகூட ஒட்டாது. லூ குரோசா அப்படி இல்லை. கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணியின் இடது டேக்கிள், அதாவது முன்வரிசைத் தடுப்பாளர் அவர். பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஆட்டோ கிரகாம் மேல் பாய வருகிறவர்களை உடம்பைக் கொடுத்துத் தடுப்பார். பந்து கோலுக்கு அருகே வந்து நின்றுவிட்டால், மூச்சு வாங்கிக்கொண்டே பீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) உதைப்பதும் அவரே.

டிசம்பர் 9
பிறந்தது 1924, ஒஹாயோவின் மார்ட்டின்ஸ் ஃபெர்ரி. ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த கொஞ்ச நாளில் ராணுவம் அழைத்துக்கொண்டது. ஒகினாவா போரில் அறுவை சிகிச்சை உதவியாளர். அங்கே இருந்தவருக்குப் பிரவுன்ஸ் பயிற்சியாளர் பால் பிரவுன் ஒப்பந்தத்தை அனுப்பினார், கூடவே பழகுவதற்குப் பந்துகளும்! 1946இல் அணிக்கு வந்தார்.

டிசம்பர் 13
உதைக்கும் திசை தவறாமலிருக்கத் தரையில் ஒட்டுநாடா ஒட்டிக்கொள்வாராம். பிறகு அதைத் தடைசெய்து விதியே வந்துவிட்டது. என்னைக் கேட்டால் அது ஏமாற்று இல்லை. அந்தக் காலத்து வழக்கப்படி நேராக ஓடிவந்து கால்விரல் முனையால் உதைத்தவர். கோணம் கொஞ்சம் பிசகினாலும் போச்சு.

டிசம்பர் 24
1950இல் இதே நாள், கிளீவ்லேண்டில் கடுங்குளிர், காற்று. லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுடன் சாம்பியன்ஷிப் ஆட்டம். பிரவுன்ஸ் வேறொரு லீகிலிருந்து அந்த ஆண்டுதான் என்எஃப்எல்லுக்கு வந்திருந்தது. ஒரு டச்டவுனுக்குப் (பந்தைக் கோல் எல்லைக்குள் கொண்டுபோவது) பிறகு வந்த, ஒரு புள்ளி தரும் கூடுதல் உதை, பந்து சரியாகக் கைக்கு வராததால் நடக்கவே இல்லை. கடைசியில் 28-27 என்று ஒரே புள்ளி பின்தங்கியபோது அது எப்படி உறுத்தியிருக்கும்! கிரகாம் பந்தைக் கோலுக்கு 11 யார்டு தொலைவு வரை கொண்டுவந்தார். 28 விநாடி மீதி இருக்க, குரோசா 16 யார்டிலிருந்து உதைத்தார். 30-28.

16 யார்டு சின்ன தூரம்தானே என்று தோன்றும். அதே ஆட்டத்தில் ராம்ஸின் பாப் வாட்டர்ஃபீல்டு 15 யார்டிலிருந்து தவறவிட்டிருந்தார்.

டிசம்பர் 29
1953இல் 26 பீல்டு கோல் முயற்சி, 23 உள்ளே. பாதி போனாலே நல்ல கிக்கர் என்றிருந்த காலம் அது. முதுகு வலியால் 1960இல் ஆடவில்லை. அடுத்த ஆண்டு திரும்பி வந்து 1967 வரை உதைக்க மட்டும் செய்தார். புள்ளிகள் ஏறின, மொத்தம் 1,608. எனக்கு அந்தக் கடைசி ஏழு வருடங்களில் அவ்வளவு சுவாரசியம் இல்லை. அப்போது அவரும் ஓரமாக நிற்கிற கிக்கர்தான்.

ஜனவரி 3
1992 முதல் சிறந்த கல்லூரி கிக்கருக்கு லூ குரோசா விருது கொடுக்கிறார்கள். சரி, கொடுக்கட்டும். அப்புறம் அந்த டேக்கிளுக்கு என்ன? 1954இல் 'ஸ்போர்ட்டிங் நியூஸ்' இதழ் அவரை ஆண்டின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுத்தது, 1974இல் இந்த ஆட்டத்தின் புகழ்மன்றமான ஹால் ஆஃப் ஃபேமிலும் சேர்த்தார்கள். ஆனால் கிரகாமுக்காக அவர் வாங்கிய இடிகளை எந்தப் புள்ளிவிவரத் தாளிலும் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை.