பம்பரம் சுழலத் தொடங்கிவிட்டது

பல வாரங்களாக அசையாமல் நின்ற பம்பரம் நேற்று மாலை என் கேன்வாஸில் சுழலத் தொடங்கிவிட்டது. கடலூர் தேவனாம்பட்டினத்துச் சிறுவர்கள் பம்பரம் விடுவதை எண்ணெய் வண்ணத்தில் தீட்டிவருகிறேன். சாட்டையைக் கையில் சுற்றியபடி குனிந்து பார்க்கும் சிறுவனின் முகம் முன்பே நன்றாக அமைந்துவிட்டது. ஆனால் பம்பரம் சுழலாதவரை, அவன் தொலைத்த காசைத் தேடுபவனாகவே தெரிந்தான்.

பிரெஞ்சு ஓவியர் ஷார்தேன் 1738இல் பாரிஸின் சலோன் ஓவியக் கண்காட்சியில் வைத்த, இப்போது லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ள ஓவியத்தில், புத்தகமும் இறகுப் பேனாவும் அருகில் கிடக்க, மேசைமேல் சுழலும் சிறு பம்பரத்தையே ஒரு சிறுவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் வாய்விட்டுச் சிரிக்கவில்லை, நம் பக்கம் திரும்பவுமில்லை. குழந்தைமையின் கள்ளமின்மை கன்னக்குழியில் இல்லை, தன்னை மறந்த இந்தக் கவனத்தில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கவனம் மெய்யாகத் தோன்ற வேண்டுமானால், கவனிக்கப்படும் பொருள் உயிரோடு இருக்க வேண்டும்.

சுழற்சி என்றவுடன் எல்லாவற்றையும் தேய்த்து மங்கலாக்கத் தோன்றும். அது பம்பரத்தைப் புகையாக்கிவிடும். உண்மையான பம்பரத்தைச் சுழலவிட்டுப் பார்த்தால், கடைசலில் ஏற்றிய சிவப்பு, பச்சை வளையங்கள் அச்சைச் சுற்றி எங்கும் ஒன்றாகவே இருப்பதால் சுழலும்போதும் தெளிவாகத் தெரிகின்றன. ஆக்கர் விழுந்த, அதாவது மற்றப் பம்பரங்களின் ஆணி குத்திய, வடுக்களும் மரத்தின் இழையோட்டமும் மட்டுமே கரைந்து ஒரே நிறமாகின்றன. ஒளிப்புள்ளியும் சுழல்வதில்லை, ஏனெனில் வெயில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆகவே வடுக்களை முற்றிலும் விட்டுவிட்டு, வளையங்களைத் திருத்தமாகத் தீட்டி, வண்ணம் ஈரமாக இருக்கும்போதே விளிம்பை மட்டும் காய்ந்த தட்டைத் தூரிகையால் ஒருமுறை மெல்ல இழுத்து, அச்சைச் சற்றே சாய்த்து, கடைசியில் டைட்டானியம் வெள்ளையை அழுத்தமாக ஒரு புள்ளி வைத்தேன். அந்தப் புள்ளி விழுந்ததும் பம்பரம் சுழன்றது.

இந்த வேலைக்குத் தூரிகை மென்மையாக இருக்க வேண்டும். புதுச்சேரிக் கடையொன்றில் நல்ல விலை கொடுத்து வாங்கியது ஈர வண்ணத்தில் முடியை உதிர்த்தது. விலை குறைந்த நைலான் தூரிகையே கைகொடுத்தது.

சிறுவனின் சட்டையும், மாலை வெயிலில் கடல் பக்கம் நீளும் நிழலும் இன்னும் மீதமிருக்கின்றன. அதற்குள் மனம் அடுத்த படத்துக்குப் போய்விட்டது. ஃபிளெமிஷ் ஓவியர் புரூகெல் 1560இல் இருநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஒரே பலகையில் விளையாடவிட்டதைப் போல, கோலி, கிட்டிப்புள், பாண்டி, பச்சைக்குதிரை எல்லாவற்றையும் ஒரே தெருவில் தீட்ட வேண்டும். மஞ்சக்குப்பத்துத் தச்சரிடம் ஐந்தடிப் பலகைக்கு விலை கேட்டிருக்கிறேன். கடற்காற்றின் ஈரத்தில் வளையாமலிருக்க, அதன் இரு பக்கமும் பிரைமர் பூசியாக வேண்டும்.