கருவாடு சாப்பிடும் ஊருக்கு பெலாச்சான் புதிதா?

பினாங்கிலிருந்து கல்யாணமாகி சென்னைக்கு வந்தபோது எல்லாரும் என்னிடம் வெயிலைப் பற்றித்தான் எச்சரித்தார்கள். வெயில் பழகிவிட்டது. பழகாமல் நின்றது நாக்குதான். எங்கள் ஊரில் ஆசாம் லக்சா தெருவோரச் சாப்பாடு. கானாங்கெளுத்தி மீனை வேகவைத்து, முள் எடுத்து உதிர்த்து, புளித்தண்ணீரில் கொதிக்கவிடுவார்கள். தடிமனான அரிசி நூடுல்ஸ் மேல் அந்தக் குழம்பை ஊற்றி, வெள்ளரி, அன்னாசி, வெங்காயம், புதினா எல்லாம் தூவி, கடைசியில் ஒரு கரண்டி கறுப்பு இறால் விழுது. வியர்க்க வியர்க்கச் சாப்பிட வேண்டும். இங்கே வந்த முதல் வருஷம் நான் கனவில்கூட அதைச் சாப்பிட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளியே சாப்பிடப் போனால் எனக்கும் என் கணவருக்கும் ஆளுக்கு ஒரு கிளாஸ் ஒயின் வேண்டும். பினாங்கில் சீனர் கோப்பிக்கடையிலேயே பீர் கிடைக்கும், அது யாருக்கும் ஒரு விஷயமே இல்லை. தமிழ்நாட்டில் கதை வேறு. 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில். சாப்பாட்டோடு மது பரிமாறும் உரிமம் பெரும்பாலும் நட்சத்திர ஓட்டல்களுக்கும் கிளப்புகளுக்கும்தான். அதனால் நுங்கம்பாக்கம் காதர் நவாஸ் கான் சாலையில் எத்தனை அழகான உணவகங்கள் இருந்தாலும், ஒயினும் வேண்டும் என்றால் ஓட்டல் வாசலில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அக்டோபர் 2, ஜனவரி 26, திருவள்ளுவர் தினம் போன்ற நாட்களில் அதுவும் கிடையாது. புதிதாக வருகிறவர்கள் விசேஷத்துக்கு மேஜை பதிவு செய்வதற்கு முன் காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படித்தான் ஒரு நட்சத்திர ஓட்டலில் உள்ள புதிய பாணி ஆசிய உணவகத்துக்குப் போனோம். அத்தையும் வந்தார். கறுப்பு மரமும் மங்கிய வெளிச்சமுமாக இருந்தது இடம். சமையலறையை மறைக்காமல் திறந்து வைத்திருந்தார்கள், வாணலியில் தீ எழும்புவது மேஜையிலிருந்தே தெரியும். மெனுவில் தாய்லாந்துப் பப்பாளிக்காய் சாலட், வியட்நாம் அரிசித்தாள் சுருள், கொரியக் கோழி வறுவல், ஜப்பானிய சூஷி, அப்புறம் லக்சா. அந்தப் பெயரைத் தமிழ்நாட்டில் அச்சில் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. எங்கள் ஊர்ப் பாட்டிகள் நடைபாதையில் விற்ற சாப்பாடு, வெள்ளை மேஜைவிரிப்பு மேல் மரியாதையோடு வந்து உட்காரப்போகிறது.

பரிமாறிய பையன் மிசோரம்காரர். "அம்மாவுக்குக் காரம் கம்மியா போடச் சொல்லவா?" என்று அத்தையிடம் தமிழிலேயே கேட்டார். "காரம் இருக்கட்டும்பா, இனிப்புதான் வேண்டாம்" என்றார் அத்தை. எனக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்தது.

லக்சா வந்தது. தேங்காய்ப்பால் ஊற்றிய கறி லக்சா. எலுமிச்சைப்புல் மணம் நன்றாக இருந்தது, இறால் பதமாக வெந்திருந்தது. ஆனால் முதல் கரண்டியிலேயே தெரிந்துவிட்டது, பெலாச்சான் இல்லை. பெலாச்சான் என்பது இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்துக் காயவைத்த கட்டி. அதை மிளகாய், சின்ன வெங்காயத்தோடு அரைத்து எண்ணெயில் வதக்கினால்தான் லக்சாவுக்கு அடித்தளம் கிடைக்கும். அது இல்லாததால் குழம்பு தித்திப்பாக மேலோட்டமாக நின்றுவிட்டது. அத்தை சாப்பிட்டுப் பார்த்து, "இடியாப்பத்துல சொதி ஊத்தின மாதிரி இருக்கும்மா. நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ சொன்னது இது இல்லையே" என்றார். அவர் ஆசாம் லக்சாவைப் பார்த்ததே இல்லை. நான் சொல்லக் கேட்டு மனசுக்குள் ஒரு ருசியை வைத்திருந்திருக்கிறார்.

தலைமைச் சமையற்காரரைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். வந்தார், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். பெலாச்சானைப் பற்றிக் கேட்டதும் தயங்கினார். "வாடை மேடம். பக்கத்து மேஜைக்காரங்க எந்திரிச்சுப் போயிடுவாங்களோன்னு பயம்."

எனக்கு இதில் உடன்பாடே இல்லை. சிந்தாதிரிப்பேட்டையிலும் காசிமேட்டிலும் கருவாடு வாங்கி, ஞாயிற்றுக்கிழமை தெருவே மணக்க நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைக்கும் ஊர் இது. வத்தக்குழம்பைப் புளி குறைத்து வைத்தால் பந்தியிலேயே சொல்லிவிடுவார்கள். இந்த நாக்குக்குப் பயந்து தென்கிழக்காசிய உணவை ஏன் மென்மையாக்க வேண்டும்? பர்மா பஜார் பக்கம் செகண்ட் லைன் பீச்சில் போய்ப் பாருங்கள். 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்த பிறகு திரும்பி வந்த நம் மக்கள் கொண்டுவந்த அத்தோ அங்கே தள்ளுவண்டியில் கிடைக்கிறது. நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வெங்காயம், மிளகாய்த்தூள், புளித்தண்ணீர் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள், கூடவே வாழைத்தண்டு சூப். அந்தப் புளிப்பை யாரும் குறைக்கவில்லை. சென்னை மக்கள் வரிசையில் நின்று சாப்பிடுகிறார்கள். இங்கே எனக்கு ஊர் ஞாபகம் தீர்ந்த முதல் சாப்பாடு அதுதான்.

இதை அவரிடம் அப்படியே சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

ஒயின் விஷயத்தில் அந்த இடத்தைக் குறை சொல்லவே முடியாது. பிரெஞ்சு சிவப்பு ஒயின் கேட்ட என் கணவரிடம், காரத்தோடு அது நாக்கை இன்னும் எரிக்கும் என்று சொல்லி, நாசிக்கில் தயாரான செனின் பிளாங் வெள்ளை ஒயினை ஊற்றித் தந்தார்கள். நல்ல குளிர்ச்சி, லேசான பழ இனிப்பு. பப்பாளிக்காய் சாலட்டின் எலுமிச்சைப் புளிப்போடு அது அவ்வளவு பொருத்தமாக இருந்தது. இறக்குமதி ஒயினைவிட விலையும் நிறையக் குறைவு. அத்தை லைம் சோடா குடித்தார்.

பில்லைப் பற்றி ஒரு வார்த்தை. அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் உள்ள ஓட்டல்களில் சாப்பாட்டுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. மது ஜி.எஸ்.டி.க்குள் வராது, அதற்கு மாநில வரி தனி. மெனு விலையை மட்டும் கூட்டிப் பார்த்துவிட்டுப் போகாதீர்கள்.

கிளம்பும்போது சமையற்காரர் மறுபடி வந்தார். அடுத்த மாதம் அம்மா பினாங்கிலிருந்து வருகிறார், பெலாச்சான் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். ஒரு கட்டியை அவருக்குத் தருவதாகச் சொன்னேன். கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமை மத்தியானம் வாருங்கள், கானாங்கெளுத்தியும் வாங்கி வைக்கிறேன், சேர்ந்தே செய்து பார்க்கலாம் என்றார். அத்தையும் வருவதாகச் சொல்லிவிட்டார்.