பெருவிரல் வலிக்கு ஏற்ற குரோஷே ஊசி: செய்து பார்த்த அனுபவம்

தருமபுரியில் வீட்டிலிருந்தபடியே, கொக்கி முனை கொண்ட ஊசியால் நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்து குரோஷே பின்னும் எனக்கு வலக்கைப் பெருவிரலின் அடிமூட்டில் வலி தொடங்கியபோது, எக்ஸ்ரே பார்த்த மருத்துவர் அதை மூட்டுத் தேய்மானம் என்றார். பின்னலை விட்டுவிடும்படி அவர் சொல்லவில்லை. எதையும் இறுக்கிக் கிள்ளிப் பிடிப்பதைக் குறைக்கும்படி மட்டும் சொன்னார். அதற்கு ஏற்ற ஊசியைத் தேடி வாங்கியும் செய்தும் பார்த்ததில் தெரிய வந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

விரல் நுனியால் 1 கிலோ அளவுக்கு ஒரு பொருளைக் கிள்ளிப் பிடித்தால், பெருவிரலின் அடிமூட்டில் விழும் அழுத்தம் ஏறத்தாழ 12 கிலோ வரை போகும் என்று 1977-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. சாதாரண 4 மி.மீ. அலுமினிய ஊசிக்குக் கைப்பிடி என்று தனியாக எதுவும் கிடையாது, கம்பியே பிடி. அவ்வளவு சன்னமான கம்பி விரலுக்குள் உருளாமல் இருக்க, நாம் அறியாமலேயே ஒவ்வொரு கண்ணிக்கும் அதை நெருக்கிப் பிடிக்கிறோம். லேஸ் நூலுக்கான 1.25 மி.மீ. எஃகு ஊசியில் இந்த நெருக்கம் இன்னும் கூடுதல். ஆகவே வலி உள்ளவர்கள் ஊசி வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பிடியின் பருமனையே. முனை எந்த உலோகம் என்பது அதற்கு அடுத்ததுதான்.

செலவில்லாத வழியை முதலில் பார்த்தேன். பிள்ளைகளின் பென்சிலில் மாட்டும் ரப்பர் பிடியை ஊசியில் ஏற்றியதில் பருமன் கிடைத்தது, ஆனால் பின்னப் பின்ன அது கம்பியைச் சுற்றிக்கொண்டே போனது. தனக்குத்தானே ஒட்டிக்கொள்ளும் கட்டுத்துணியைச் சுற்றியது அதைவிட நன்று. உருளவில்லை, கைக்கு இதமாகவும் இருந்தது. எனினும் நம் ஊர் வெயிலில் வியர்வை ஊறி விரைவில் அழுக்கேறுகிறது. வெள்ளை நூல் பின்னுவோர் அதை அடிக்கடி மாற்ற வேண்டும். பருமனான பிடி தமக்கு ஒத்துவருமா என்று அறிய விரும்புவோர், பணம் செலவழிக்கும் முன் இதைச் செய்து பார்ப்பது நல்லது.

மென்பிடி ஊசிகளில் ஜப்பானியத் தயாரிப்புகளான குளோவர் அமோர், டியூலிப் எட்டிமோ இரண்டும் பெயர் பெற்றவை. விலை சாதாரண ஊசியைப் போலப் பல மடங்கு. ஆனால் பெருவிரல் படியும் இடம் தட்டையாக இருப்பதால் ஊசி உருள்வதில்லை, பிடியை நெருக்க வேண்டிய தேவையும் குறைகிறது. நம் நாட்டு நிட்புரோ நிறுவனத்தின் வேவ்ஸ் வகையிலும் மென்மையான பிடி உண்டு. இவற்றுள் எது சிறந்தது என்று பொதுவாகச் சொல்லக் கூடாது என்பது என் கருத்து. ஒரே ஓர் ஊசியை, தாம் அதிகம் பின்னும் அளவில் வாங்கி, வலி வழக்கமாகத் தலைகாட்டும் நேரம் வரை பின்னிப் பார்த்த பிறகே முழுத் தொகுப்பை வாங்க வேண்டும்.

எனக்கு மிகவும் மனநிறைவு தந்தது மரப்பிடிதான். உள்ளூர்க் கடைசல் பட்டறை ஒன்றில், வெட்பாலை மரத்தில் பிடி கடைந்து தர முடியுமா என்று கேட்டேன். கர்நாடகத்தின் சென்னபட்டணத்துப் பொம்மைகளுக்குப் பயன்படும் அதே மரம் அது. எடை குறைவு, நார் நெருக்கம், சிலாம்பு எழாது. “இத்தனூண்டு கம்பிக்கு இவ்வளவு தடிமனா பிடி வேணுமாம்மா?” என்று கேட்ட கடைசல்காரர், வலியைப் பற்றிச் சொன்னதும் என் கையை விரித்து வைக்கச் சொல்லி நீளத்தை அளந்துகொண்டார். பிடியின் நீளம் 12 செ.மீ.; உள்ளங்கையில் அமரும் இடத்தில் 16 மி.மீ. பருமன், விரல் பிடிக்கும் இடத்தில் 12 மி.மீ. அதன் நடுவே துளையிட்டு, வெட்டிய அலுமினிய ஊசியை அரால்டைட் வைத்துப் பொருத்தினோம். பசை இறுகுவதற்குள் செய்தாக வேண்டிய முக்கியமான வேலை ஒன்று உண்டு: பெருவிரலுக்காகச் செதுக்கிய தட்டையான இடமும், நூலைக் கொக்கி இழுக்கும் ஊசியின் வாயும் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். இந்தக் கோடு சற்றே விலகினாலும், அதைச் சரிக்கட்டுவதற்காக மணிக்கட்டு ஒவ்வொரு கண்ணியிலும் கூடுதலாகத் திரும்ப நேரிடும். பட்டறையில் வழக்கமாகப் பூசும் அரக்கு மெருகை விரல் படும் இடத்தில் பூச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ஈரக் கையில் மெருகு வழுக்கும், வழுக்குவதை நெருக்கிப் பிடிக்கத் தோன்றும்.

முனையைப் பொறுத்தவரை இரண்டு அமைப்புகள் உள்ளன. ஒன்றில் வாய் ஆழமாகவும் தலை தண்டின் அகலத்திலேயே நேராகவும் இருக்கும். மற்றொன்றில் கழுத்து சிறுத்துத் தலை உருண்டிருக்கும். இறுக்கமாகப் பின்னும் எனக்கு இரண்டாவதே ஒத்துவந்தது. கண்ணிக்குள் நுழையவும் வெளியே வரவும் குறைவாகத் திருகினால் போதும்.

தேன்கனிக்கோட்டையில் இருக்கும் என் அத்தைக்கோ வேறு தேவை. அவருக்கு முடக்குவாதத்தால் விரல் கணுக்கள் வீங்கியிருக்கின்றன. “பேனா பிடிக்கிற மாதிரி பிடிச்சா எனக்கு ஓடாதும்மா, கத்தி பிடிக்கிற மாதிரி பிடிச்சாத்தான் வரும்” என்றார். அப்படிப் பிடிக்கும்போது பிடியின் கடைசி நுனி உள்ளங்கைக்குள் போகிறது. குட்டையான ஊசி அங்கே குத்துகிறது. எனவே அவருக்கு என்னுடையதைவிட 2 செ.மீ. நீளமாக, நுனி உருண்டையாக ஒன்று கடைந்து வாங்கினேன். மேலும் மார்கழிக் குளிரில் அவ்வூரில் அலுமினியம் விரலில் சில்லிடும். மரமும் மூங்கிலும் வெப்பத்தை எளிதில் கடத்தாதவை என்பதால் காலை நேரத்தில் அவருக்கு அவையே உகந்தவை.

ஊசியோடு நூலையும் கவனிக்க வேண்டும். பருத்தி நூல் நீளாது, ஆகையால் விரல்தான் இழுவிசையைத் தாங்குகிறது. அக்ரிலிக் நூல் சற்று இளகிக் கொடுக்கும். நூலோடு வரும் அட்டையில் குறித்த ஊசி அளவைவிட அரை மி.மீ. பெரிய ஊசியை எடுத்தால் பின்னல் தளர்ந்து கை எளிதாக ஓடுகிறது. தலையணை உறை, சால்வை போன்றவற்றில் இந்தத் தளர்வு குறையாகத் தெரிவதில்லை. இரவில் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போவதாக இருந்தால், அது மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். ஊசியை மாற்றிக்கொண்டு காத்திருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இப்போது மரப்பிடி ஊசியில் சால்வை ஒன்று பாதிக்கு மேல் வளர்ந்திருக்கிறது. மாலையில் பின்னி முடித்தபின் தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருக முடிகிறது. எஃகு லேஸ் ஊசிக்கு மரத்தில் துளையிடுவது கடினம் என்று கடைசல்காரர் சொல்வதால், அதற்கு மூங்கில் குச்சியில் பிடி செய்து பார்க்கவிருக்கிறேன்.