பகானுக்கு இந்த வருஷம் போகலாமா?

கோத்தகிரியில் நாலு நாளாக விடாத மழை. டீக்கும் வர்க்கிக்கும் பக்கத்தில் பாஸ்போர்ட் கிடக்கிறது, ஈரத்தில் அட்டை ஓரம் லேசாகச் சுருண்டிருக்கிறது.

மியான்மரின் பகானைப் பார்க்க வேண்டும் என்பது பத்து வருஷ ஆசை. ஐராவதி ஆற்றங்கரையில் 2,000-க்கும் மேற்பட்ட செங்கல் கோயில்கள். எனக்கு அதைவிட முக்கியம் 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, மலைமண்டலத்திலிருந்து, அதாவது இன்றைய கேரளப் பக்கத்திலிருந்து, போன நம்பி என்பவர் அங்கிருந்த நானாதேசி விண்ணகரம் என்ற பெருமாள் கோயிலுக்கு மண்டபமும் கதவும் விளக்கும் கொடுத்ததைத் தமிழில் சொல்கிற கல்வெட்டு. அவ்வளவு தூரம் போய் ஒரு கதவு! நினைத்தாலே சிலிர்க்கிறது.

2021 பிப்ரவரி 1-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அப்புறம் உள்நாட்டுப் போர், 2025 மார்ச்சில் மண்டலே பக்கம் பெரிய நிலநடுக்கம். "பகான் அமைதியாத்தான் சார் இருக்கு" என்கிறார் டிராவல் ஏஜென்ட். இருக்கலாம். ஆனால் என் விசா கட்டணம் அந்த ராணுவ அரசுக்குத்தானே போகும்? அதே சமயம் அங்கே குதிரைவண்டி ஓட்டுகிறவர், அரக்குப் பாத்திரம் செய்கிறவர் எல்லாம் வெளியாட்கள் வந்தால்தான் அடுப்பு மூட்ட முடியும். சீசன் படுத்துப்போனால் என்ன ஆகும் என்று 2020 ஊரடங்கில் ஊட்டியிலேயே பார்த்தோமே. இதில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

"கல்லு எங்கடா போகப் போகுது, சண்டை ஓயட்டும்" என்றார் அம்மா.

சரி, இந்த வருஷம் போகவில்லை. பாஸ்போர்ட்டைத் துடைத்து பீரோவில் வைத்துவிட்டேன். காலாவதிக்கு இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது.