கிர்ஸ்டன்போஷ்: குன்னூர் பூக்களின் பிறந்த வீடு

குன்னூர் வீடுகளின் வாசலில் நிற்கும் அகபாந்தஸ், ஜெரேனியம், ஜெர்பெரா, கிளாடியோலஸ் எல்லாம் இங்கிலாந்துப் பூக்கள் என்றுதான் எங்கள் பக்கத்தில் பலருக்கும் நினைப்பு. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்திருக்கலாம், ஆனால் இவற்றின் பூர்வீகம் தென்னாப்பிரிக்கா. கேப் டவுனுக்கு அலுவலக வேலையாகப் போக வாய்ப்பு வந்தபோது, டேபிள் மலையின் கிழக்குச் சரிவில் இருக்கும் கிர்ஸ்டன்போஷ் தாவரவியல் பூங்காவுக்கு ஒரு நாளை முழுதாக ஒதுக்கிவிட்டேன்.

1913-இல் தொடங்கிய பூங்கா இது. முதல் இயக்குநர் ஹெரால்ட் பியர்சன். உலகம் முழுக்கத் தேடி அபூர்வச் செடிகளைக் குவிப்பது அந்தக் காலத்துப் பூங்காக்களின் வழக்கம். இங்கே அது தலைகீழ். தெற்கு ஆப்பிரிக்காவின் சொந்தச் செடிகளுக்குத்தான் இடம். விதிவிலக்காக நடுவே ஒரு கற்பூர மரச் சாலை இருக்கிறது. பூங்கா வருவதற்கு முன்பே, 1898-இல், நிலத்தின் அப்போதைய சொந்தக்காரர் செசில் ரோட்ஸ் நட்டவை. வெட்ட மனம் வரவில்லை போலிருக்கிறது. நிழல் அருமை, சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

நான் போனது செப்டம்பரில், அங்கே வசந்தகாலம். மேல்சரிவில் புரோட்டியா தோட்டம். தென்னாப்பிரிக்காவின் தேசிய மலரான கிங் புரோட்டியாவை அங்கேதான் முதன்முதலாக நேரில் பார்த்தேன். அகலத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. குனிந்து பார்த்தால், இதழ் என்று நாம் நினைப்பவை இதழே அல்ல, விறைப்பான இளஞ்சிவப்புச் செதில்கள். உண்மையான பூக்கள் நடுவே குச்சி குச்சியாக நெருக்கியடித்து நிற்கின்றன. சின்னச் சின்னதாக நூற்றுக்கணக்கில், வெளிவரிசையிலிருந்து உள்ளே ஒவ்வொரு சுற்றாக விரிந்துகொண்டு போகின்றன.

பக்கத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்த பெரியவரிடம், "இதற்கு என்ன உரம் வைக்கிறீர்கள், ஐயா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "உரம் வைத்தால் செத்துப்போகும், தம்பி" என்கிற மாதிரி ஒரு பதில்.

அவர் சொன்னது உண்மைதான். கேப் மலைகளின் மண் பெரும்பாலும் மணற்கல் பொடிந்து உண்டானது; சத்தே இல்லாத மண். அதில் பாஸ்பரஸ் மிகமிகக் குறைவு. இருக்கும் கொஞ்சத்தையும் உறிஞ்ச, புரோட்டியா குடும்பச் செடிகள் மண்ணின் மேற்பரப்பை ஒட்டி மயிரிழை போன்ற வேர்களைக் கொத்துக்கொத்தாக விடுகின்றன. அந்த வேர்களுக்கு அளவு தெரியாது. சூப்பர் பாஸ்பேட்டைப் போட்டால் அத்தனையையும் இழுத்து, அதன் நஞ்சில் இலை கருகிப்போகும். வேரருகில் கொத்துவதும் கூடாது. நம் ரோஜாவுக்குச் செய்கிற ராஜ உபசாரம் இங்கே கொலைக்குச் சமம்.

அடுத்த விஷயம் நெருப்பு. ஃபைன்போஸ் எனப்படும் இந்தப் புதர்க்காடு பத்து, பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை எரிந்தாக வேண்டும். எரியாமலே விட்டால் செடிகள் கிழடு தட்டி, புதுத் தலைமுறை வராமல் காடு தேய்ந்துபோகும். கிங் புரோட்டியா மண்ணுக்குள் தடித்த அடிக்கட்டை ஒன்றை வைத்திருக்கிறது. மேலே எரிந்தாலும் அதிலிருந்து மறுபடி துளிர்க்கும். சர்க்கரைப் புரோட்டியாவுக்கு அந்த வசதி இல்லை. அது நெருப்பில் செத்துவிடும், ஆனால் விதைகளை மூடிய காய்க்குள் பல வருடம் பத்திரமாக வைத்திருந்து, எரிந்த பிறகு சாம்பல் மேல் உதிர்க்கும். ஊசிக்குத்து மெத்தை போல் பூக்கும் லூகோஸ்பெர்மம் செடியின் விதைகளை எறும்புகள் மண்ணுக்குள் இழுத்துப்போகின்றன. மேலே ஒட்டியிருக்கும் சதையைத் தின்றுவிட்டு விதையை அப்படியே விட்டுவிடும். எலிக்கும் தப்பும், தீக்கும் தப்பும்.

இங்குள்ள பல செடிகளின் விதைகளை முளைக்கத் தூண்டுவது புகையில் உள்ள வேதிப்பொருள். அதனால் தோட்டக்காரர்கள் புகையூட்டிய காகிதத்தைத் தண்ணீரில் போட்டு, அந்தத் தண்ணீரில் விதையை ஊறவைத்து விதைக்கிறார்கள். விதைக்கு ஆவி பிடிக்க வைப்பதை அங்கேதான் கேள்விப்பட்டேன்!

பேர்ட் ஆஃப் பாரடைஸ் பூ நம் ஊர் ஹோட்டல் வரவேற்பறைகளில் சகஜம். வழக்கமாக ஆரஞ்சு நிறம். மஞ்சள் நிறம் அபூர்வம். கிர்ஸ்டன்போஷில் வருடக்கணக்காகக் கையாலேயே மகரந்தம் சேர்த்து அந்த மஞ்சள் வகையைப் பெருக்கினார்கள். 1996-இல் அதற்கு 'மண்டேலாஸ் கோல்டு' என்று பெயர் வைத்தார்கள். விதையிலிருந்து பூ வரச் சில வருடங்கள் ஆகும், அதுவரை பொறுமை வேண்டும். நல்ல வெயிலும் வடிகாலும் இருந்தால் போதும். புரோட்டியா போல இல்லாமல் இது எருவை ஆசையாகத் தின்னும்.

வெள்ளிமரத்தையும் தொட்டுப் பார்த்தேன். இலை முழுக்கப் பட்டு ரோமம். இயற்கையாக வளர்வது கேப் டவுனைச் சுற்றி மட்டும்தான். வேரை அசைத்தால் பொறுக்காது, எல்லாம் கொடுத்தாலும் ஆயுள் குறைவு.

ஓடையோரத்தில் வெள்ளை ஏரம் லில்லி கும்பலாகப் பூத்திருந்தது. படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். "இது நம்ம ஓடைல கெடக்குற பூதானே? இதுக்கா கண்ணு அவ்வளவு தூரம் போன?" என்று பதில் வந்தது. அம்மா சொல்வதும் சரிதான். ஈரம் கிடைத்தால் நீலகிரியில் அது தானாகவே பரவுகிறது.

பரவுவதில் இன்னொரு பக்கமும் உண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் மரங்கள் எங்கள் புல்வெளிகளை விழுங்கியதுபோலவே கேப் மலைகளிலும் புகுந்து நீரை உறிஞ்சுகின்றன. அவற்றை வெட்டி அகற்ற 1995 முதல் அரசுத் திட்டமே நடக்கிறது. 'நம்ம ஊர்ச் சனியன் இங்கேயும் வந்திருக்கிறதே' என்று தோன்றியது.

போக நினைப்பவர்கள் ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபருக்குள் போங்கள். அகபாந்தஸ் பார்க்கவேண்டுமானால் டிசம்பர், ஜனவரி; நான் போனபோது வெறும் இலைதான். மரங்களுக்கு மேலே வளைந்து செல்லும் 'பூம்ஸ்லாங்' நடைபாலத்தைத் தவறவிடாதீர்கள், காற்றில் லேசாக ஆடும். புரோட்டியா தோட்டம் மேட்டில் இருப்பதால் நல்ல ஷூ வேண்டும். விதைக்கடையில் கை பரபரக்கும். ஆனால் இந்தியாவுக்குள் விதை கொண்டுவர இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் கேட்பார்கள். நான் ஒரு அஞ்சலட்டையோடு நிறுத்திக்கொண்டேன்.